கருவேலங்காட்டைச் சுற்றி வந்த கயிறு

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். கோணல்மாணலான உருவங்களின் பரப்பளவு என்று ஒரு பாடம் வரும். ஓர் இலையைக் கட்டம் போட்ட தாளில் வைத்து, ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, உள்ளே விழும் கட்டங்களை எண்ண வேண்டும். முழுக் கட்டத்துக்கு ஒன்று. பாதிக்கு மேல் இருந்தால் அதையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். பாதிக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் இதில் வருஷா வருஷம் ஒரே தப்பைச் செய்வார்கள். பூவரச இலையின் ஓரத்தை நூலால் சுற்றிப் பார்ப்பார்கள், அரளி இலையின் ஓரத்தையும் சுற்றிப் பார்ப்பார்கள். "டீச்சர், ரெண்டுக்கும் நூலு ஒண்ணாத்தான் வருது, அப்ப ரெண்டும் ஒரே அளவு" என்பார்கள். எனக்குக் கோபமே வராது. பன்னிரண்டு வயதில் அந்தத் தப்பைச் செய்யத்தான் வேண்டும், செய்தால்தான் பாடம் புரியும்.

ஆனால் மீசை நரைத்த ஒருவர் அதைச் செய்தால்? அதுவும் பி.காம். படித்துவிட்டு, அருப்புக்கோட்டையில் பெயிண்ட் கடை வைத்துக்கொண்டு, சுவரின் நீளம் உயரம் சொன்ன மாத்திரத்தில் எத்தனை லிட்டர் ஆகும் என்று மனக்கணக்காகச் சொல்கிற ஒருவர் செய்தால்? அந்த ஒருவர் என் அண்ணன். இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அப்பாவின் நிலம் திருச்சுழிக்குப் போகிற வழியில் இருக்கிறது. தார் ரோட்டில் அகலமாகத் தொடங்கி, போகப் போகக் குறுகி, கடைசியில் ஓடையோடு சேர்ந்து வளைந்து வளைந்து ஓடுகிற நிலம். எந்த அடிக்கோலும் அதற்கு ஒத்துவராது. நல்ல கரிசல். அப்பா இருந்தவரை குதிரைவாலியும் பருத்தியும் போட்டார், ஐப்பசி மழைக்குக் கொத்தமல்லி போட்டார். அண்ணனையும் தம்பியையும் டவுனுக்கு டியூஷனுக்கு அனுப்பினார். எனக்கு டியூஷன் கிடையாது. லீவு நாளென்றால் களைவெட்டியைக் கையில் கொடுத்து அம்மாவோடு அனுப்பிவிடுவார். ஆகவே ஒரு விஷயத்தை எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்கிறேன். எங்கள் மூவரில் அந்த மண்ணில் வேலை செய்தவள் நான் ஒருத்திதான். மற்ற இரண்டு பேரும் அங்கே போனது பொங்கலுக்கும் போட்டோ எடுக்கவும்.

அப்பாவும் அடுத்து அம்மாவும் போன பிறகு யாரும் விதைக்கவில்லை. அண்ணனுக்குக் கடை. தம்பிக்கு மதுரையில் வேலை, காரியாபட்டியில் வீடு, தினமும் போய்வர பஸ். நான் கேட்டபோதெல்லாம் "பாப்போம்" என்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த சில வருஷங்களில் சீமைக்கருவேலம் நிலம் முழுக்க ஏறிவிட்டது. ஆடுகூட நுழைய யோசிக்கும் அளவுக்கு அடர்த்தி. அதன் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும்.

எனக்கு அந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு முள்ளை எடுத்துவிட்டு மழையை நம்பி கொத்தமல்லி விதைக்க வேண்டும். என் ஆசை இவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்க்கிறவர், வாடகை வீட்டில் இருக்கிறோம், எங்களுக்கு வேறு நிலம் கிடையாது.

போன வருஷம் அண்ணனே கூப்பிட்டார். பாகம் பிரித்துவிடலாம் என்றார். ரோட்டோரத்தைப் பிளாட் போடக் கேட்டு யாரோ வந்திருந்தார்கள், அதுதான் அவசரம். அதை அவர் சொல்லவில்லை, பிறகு தெரிந்தது. போனில் சொன்னது வேறு.

"ஊருல எவன்மா பொம்பளப் பிள்ளைக்கு நெலத்துல பாகம் குடுக்குறான்? ஒரு சேலை, ஒரு பொங்கச் சீரு, அதோட முடிச்சுருவாக. நாங்க அப்பிடி இல்ல. ஒனக்கும் சமமாத் தாரோம்."

சட்டம் எப்போதோ கொடுத்துவிட்டதை, தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல் பேசினார். சரி, வாய் வார்த்தைதானே, போகட்டும் என்று விட்டேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கருவேலங்காட்டை வெட்டி, விறகை மண் மூடிச் சுட்டுக் கரியாக்க மூட்டம் போடுகிறவர்கள் காட்டை விலை பேசும்போது உள்ளே போய் அளக்க மாட்டார்கள். போக முடியாது. ஒரு நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஒரு சுற்று சுற்றி வருவார்கள். இத்தனை கயிறு சுற்று, காடு இத்தனை அடர்த்தி என்று பார்த்துத் தொகை சொல்வார்கள். இதற்குச் 'சுத்துக் கயிறு' என்று பெயர். ஒன்றுக்கொன்று ஜாடையில் ஒத்த காடுகளுக்கு அது ஓரளவு சரியாகத்தான் வரும். முள்ளுக்குப் போட்ட கணக்கு அது. அதை மண்ணுக்குப் போட்டவர்கள் என் உடன்பிறந்தவர்கள்.

பாகம் பிரிக்கும் நாளில் நானும் என் வீட்டுக்காரரும் போனபோது அண்ணன், தம்பி, மதினி, எங்கள் தாய்மாமா எல்லோரும் ரோட்டோரத்தில் நின்றிருந்தார்கள். ஒரு மூட்டக்காரரையும் வரவழைத்திருந்தார்கள். அவருடைய ஆட்கள் காட்டுக்குக் குறுக்கே இரண்டு இடத்தில், ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கும்படி, முன்கூட்டியே தடம் வெட்டி வைத்திருந்தார்கள். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. ரோட்டோரத்துச் சதுரம் அண்ணனுக்கு. நடுவில் உள்ளது தம்பிக்கு. ஓடையோடு வளைந்து ஓடும் வால் எனக்கு.

மூட்டக்காரர் மூன்று துண்டையும் கயிறு பிடித்துச் சுற்றி வந்தார். என் துண்டு கொஞ்சம் குறைவாக வந்தது. உடனே அண்ணன் பெரிய மனசு பண்ணினார். எல்லைக் கல்லைத் தம்பி பக்கமாகச் சிறிது தள்ளிவைக்கச் சொன்னார். மறுபடியும் சுற்றினார்கள். இப்போது மூன்றும் ஒன்று.

"பாத்துக்க தாயி. ஒனக்காக கல்லையே தள்ளி வச்சாச்சு. மூணு பேருக்கும் ஒரே கயிறு" என்றார். தம்பி தலையாட்டினான். தாய்மாமா, "இந்தக் காலத்துல இப்பிடி அண்ணன் தம்பி யாருக்குக் கிடைக்கும்" என்றார். மதினி எனக்குக் கலர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

நான் அதை வாங்கவில்லை.

"அண்ணே, நீங்க அளந்தது வேலி. நெலத்த இன்னும் யாரும் அளக்கல" என்றேன்.

"அதான் சுத்து ஒண்ணா வந்துருச்சுல்ல."

"சுத்து ஒண்ணா இருந்தா உள்ள இருக்குறது ஒண்ணா இருக்கணும்னு யாரு சொன்னா? என் துண்டு ஒல்லி. நீளத்துலயும் வளைவுலயும் கயிறு தீந்து போச்சு. உள்ள மண்ணு எங்க இருக்கு?"

"ஏம்மா, கயிறு பொய் சொல்லுமா?"

"கயிறு பொய் சொல்லல. நீங்கதான் அதுகிட்ட வேற கேள்வி கேட்டீக."

அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். கடையில் விலை குறைக்கச் சொல்கிற பெண்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. "இந்தா பாரு, பாடம் எடுக்குறதெல்லாம் பள்ளிக்கூடத்தோட வச்சுக்க. இது ஊரு வழக்கம்" என்றார்.

"உங்க கடைக்கு ஒருத்தன் வந்து, என் வீட்டுச் சுவத்தச் சுத்தி இத்தனை அடி, பெயிண்ட் குடுங்கன்னு கேட்டா என்ன செய்வீக? நீளம் எவ்வளவு, ஒசரம் எவ்வளவுன்னு கேக்க மாட்டீக?"

அவர் முகம் மாறியது. "கடைப் பேச்ச இங்க எதுக்கு எடுக்குற?" என்றார். தாய்மாமா குறுக்கே வந்தார். "படிச்ச பிள்ளைகிட்ட இதான் தொல்லை" என்றார். அண்ணனும் படித்தவர்தான். அவர் படிப்பு யாருக்கும் தொல்லையாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

இனி வாயால் பேசிப் பிரயோசனமில்லை என்று தோன்றியது. மூட்டக்காரரிடம் கயிற்றைக் கேட்டேன். அவர் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ரோட்டோரத்தில் புல் முளைக்காத கட்டாந்தரை கொஞ்சம் இருந்தது. கயிற்றில் ஒரு பகுதியை எடுத்து நுனியோடு முடிச்சுப் போட்டு வளையமாக்கி, தரையில் அகலமாகப் பரப்பினேன்.

"எல்லாரும் உள்ள வந்து நில்லுங்க" என்றேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அதட்டுகிற குரல் அது. மூட்டக்காரரின் ஆட்கள் முதலில் வந்தார்கள், பிறகு தம்பி, பிறகு என் வீட்டுக்காரர், மதினி. தாய்மாமாகூட என்ன ஏதென்று தெரியாமல் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எல்லோரும் நின்ற பிறகும் இடம் மிச்சம் இருந்தது. அண்ணன் மட்டும் வரவில்லை. மற்றவர்களை வெளியே வரச் சொன்னேன். அதே வளையத்தின் இரண்டு ஓரங்களையும் இழுத்து நீளமாக, ஒல்லியாக, ஓடை மாதிரியே வளைத்துப் போட்டேன்.

"இப்ப வந்து நில்லுங்க. அதே கயிறுதான். ஒரு விரக்கடை கூட்டல, கொறைக்கல."

வரிசையாக ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் நின்றார்கள். தாய்மாமா நுழையப் பார்த்தார். பாதம் உள்ளே, வயிறு வெளியே. மூட்டக்காரரின் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. என் பங்கைக் கேட்க நான் நடுரோட்டில் வித்தை காட்ட வேண்டியிருக்கிறதே என்று இருந்தது.

"டீச்சர் சொல்றது சரிதானே" என்று ஓர் ஆள் முணுமுணுத்தார். மூட்டக்காரர் அவரை முறைத்துவிட்டு, "எனக்குச் சொன்ன வேலை சுத்து அளக்குறது. அளந்துட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் வந்து கயிற்றைச் சுருட்டினார். "இதெல்லாம் விளையாட்டு. நெலம் வேற. நெலத்துல இப்பிடியெல்லாம் பாக்க முடியாது. நான் என்ன கணக்கு வாத்தியாரா? வழக்கம் என்னவோ அதச் செஞ்சேன். ஏலே, நீ சொல்லு" என்று தம்பியைப் பார்த்தார்.

தம்பி சொன்னான்: "அக்கா, ஒனக்குன்னு மனசாரக் குடுக்குறோம். அத இப்பிடி அளந்து அளந்து கேட்டா நல்லாவா இருக்கு?"

அளக்காமல் கொடுப்பதென்றால் அவன் பங்கை எனக்குக் கொடுத்திருக்கலாம். ரோட்டோரத்துச் சதுரத்தை மனசாரக் கொடுத்திருக்கலாம். குறைவாக வருகிற இடத்தில் மட்டும் இவர்களுக்கு மனசு வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொன்றும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலி போடப் போனால் அவர்கள் போடும் அதே நீளத்துக்கு நானும் கம்பி வாங்க வேண்டும், ஆனால் அந்த வேலிக்குள் எனக்கு இருக்கப்போவது பாதி மண். ஓடையில் தண்ணீர் வரும் வருஷம் கரை கரைந்தால் அந்தப் பாதியிலும் கொஞ்சம் போகும். கட்டத் தாளில் பாதிக்குக் குறைந்த கட்டத்தை விட்டுவிடுவதுபோல், என்னைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டார்கள்.

"சர்வேயர் வந்து அளக்கட்டும். அதுவரைக்கும் நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.  வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "நீ சொன்னது சரி. ஆனா இனிமே அந்த வீட்டு வாசல் நமக்கு இல்ல" என்றார். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு வந்த மாதங்களில் நான் கேட்ட பேச்சுகளுக்குக் குறைவில்லை. அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எனக்குக் கணக்குத் தெரியாமப் போச்சு, வழக்கப்படி அளந்தேன், அதுக்குப் போயி என் தங்கச்சி என்னைக் களவாணி மாதிரி நிக்க வச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கேட்டவர்கள் அவருக்காகப் பரிதாபப்பட்டார்களாம். மல்லாங்கிணறிலிருந்து ஒரு பெரியம்மா போன் போட்டு, "அண்ணன் தம்பிய விட நெலம் பெருசாம்மா?" என்று கேட்டார். "அதே கேள்விய அவுககிட்டயும் கேட்டீகளா? தங்கச்சிய விட நெலம் பெருசான்னு?" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். இந்தக் கேள்வியைப் பெண்ணிடம் மட்டும்தான் கேட்பார்கள்.

அண்ணன் கடைசியில் இறங்கி வந்தது நியாயத்துக்காக அல்ல. என் கையெழுத்து இல்லாமல் தனிப் பட்டா வாங்க முடியவில்லை, பிளாட் கேட்டவர் பொறுமை இழந்துகொண்டிருந்தார், அதற்காக. காட்டை மூட்டக்காரரிடமே வெட்டக் கொடுத்தார்கள். அவர்கள் பக்கம் கரிமூட்டங்கள் நாள் கணக்கில் புகைந்துகொண்டிருந்தன. என் பக்கத்து விறகை ஒரு மூட்டத்தில் அடுக்கி முடித்துவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக அந்தப் புகையைப் பார்ப்பேன். அந்தப் பக்கமாகப் போகிற யாருக்கும் தெரியும்படி இருந்தது, எது எவ்வளவு என்று.

முள் போன பிறகு சர்வேயர் வந்தார். என் துண்டின் நடுவே நீளவாக்கில் ஒரு நேர்கோடு பிடித்தார். ஓடை வளைகிற ஒவ்வொரு இடத்துக்கும் அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக அளந்தார். நிலம் முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் உடைந்தது. ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுக் கூட்டினார். நான் பக்கத்தில் நின்று மனதுக்குள் கூடவே கூட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு அவர்கள் வைத்திருந்த துண்டு, அண்ணனுடையதில் பாதிகூட இல்லை. எல்லைக் கற்கள் நகர்ந்தன. இந்த முறை யாருடைய பெரிய மனசும் தேவைப்படவில்லை.

என் பங்கு எனக்குக் கிடைத்தது. அந்தப் பொங்கலுக்கு அண்ணன் வீட்டிலிருந்து சீர் வரவில்லை, தம்பி வீட்டிலிருந்தும் வரவில்லை. வருஷா வருஷம் பச்சரிசியும் வெல்லமும் கரும்பும் ஒரு சேலையும் வரும். நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்கு வந்தது, எதிர்வீட்டுக்கு வந்தது. எனக்கு வேதனையாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. இத்தனை வருஷம் கொடுத்த அரிசிக்கும் கரும்புக்கும் ஈடாக, என் பங்கில் பாதியை இவர்கள் மனதுக்குள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் அண்ணன் வேறு பந்திக்குப் போய்விடுவார்.

போன மாதம் ஒரு சாயங்காலம், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அண்ணன் நம்பர். யாருக்கோ உடம்புக்கு என்னமோ என்று பதறி எடுத்தேன்.

"நல்லா இருக்கியாம்மா?" என்றார், நேற்றுப் பேசி விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல.

"இருக்கேன். சொல்லுங்கண்ணே."

"ஒண்ணுமில்ல. உன் மதினி வீட்டுல பாகம் பிரிக்கிறாக. எம்.ரெட்டியபட்டியில. அவளுக்கும் உண்டுன்னு சொல்லியிருக்கானுக. ஆனா நெலம் ஒரே கோணல், கம்மாக் கரையோரமா வளைஞ்சு வளைஞ்சு போகுது. அந்த வாலத்தான் இவளுக்குத் தள்ளுறானுக. கயிறு போட்டுச் சுத்தி, எல்லாம் சமம்னு சொல்றானுக. சுத்து சமமா இருந்தா பரப்பு சமம் ஆகிருமா? அடி முட்டாப் பயலுகளா, நீளமும் அகலமும் பாக்கணும்ல? ஒல்லியா இருக்குறதுல என்ன மண்ணு இருக்கும்? நான் சொன்னா மச்சானுக கேக்க மாட்டேங்குறானுக. நீ வந்து ஒருவாட்டி எடுத்துச் சொல்லு. பொம்பளப் பிள்ளைதானேன்னு நல்லா ஏமாத்தப் பாக்குறானுகம்மா."

கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். அவர் சொன்னதில் ஒரு பிழை இல்லை. முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

"அண்ணே" என்றேன். "அவுக செய்யிறதுக்குப் பேரு ஏமாத்துறதுன்னு சொல்றீக. நீங்க செஞ்சதுக்கு வழக்கம்னு பேரு சொன்னீக. எது சரின்னு சொல்லுங்க, வாரேன்."

 கடைக்கு முன்னால் பஸ் ஹாரன் அடித்தது. போன் கை மாறியது.

"நான்தான் பேசுறேன்" என்றார் மதினி. குரல் அடங்கியிருந்தது. "அவுக சொல்ல மாட்டாக. அன்னைக்கே தெரியும் அவுகளுக்கு. எனக்கும் தெரியும். நீங்க கேக்க மாட்டீகன்னு நெனச்சோம்."

விடைத்தாள் கட்டைத் தள்ளிவைத்தேன்.

"நானும் கேக்க மாட்டேன்னுதான் என் கூடப்பொறந்தவக நெனச்சிருக்காக" என்றார் மதினி.